மதியம் இரண்டரைக் கையெழுத்து

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கையெழுத்தக்கா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பாள்.

பட்டப்பேர் சும்மா வரவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும்போதே மதிப்பெண் அட்டைக்குப் பின்னால் அப்பா கையெழுத்துப் போடுவதில் அவள் கைதேர்ந்தவள். தன் அப்பாவுக்கு மட்டுமல்ல, வகுப்பில் இருந்த இருபத்து மூன்று அப்பாக்களுக்கும் அவள் ஒருத்திதான் கை. முன்கோபி அப்பா என்றால் தாள் கிழிகிற மாதிரி அழுத்துவாள், அவசரக்காரர் என்றால் கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுப்பாள். வருஷம் முழுக்க ஒரு வம்பும் வரவில்லை. கடைசியில் ஒரு பெண்ணின் அப்பா நிஜமாகவே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினார். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்க அப்பா கையெழுத்தே இல்லை, யார் போட்டது?" என்று அந்தப் பெண்ணைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். பாவம், அவர் போட்டதுதான் அசல்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருத்தருக்கு வாழ்க்கைப்பட்டாள். ஒரு மகள் பிறந்தாள்; இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இவள் சலவைக்கூடத்துக்கு வேலைக்கு வந்தாள். வந்து பதினோரு வருஷம். முதலில் அழுக்குத்துணி பிரிக்கிற அறை, அப்புறம் மடிக்கிற மேஜை, கடைசியில் ரோலர்.

ரோலர் என்றால், வெட்டிச் சாய்த்த மரம் கணக்காகப் படுத்திருக்கிற ஒரு நீளமான இரும்பு உருளை. உள்ளே கொதிக்கும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே விட்டால், அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வெளியே வரும்; அங்கே நிற்கிற இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். மூன்று மருத்துவமனைகளின் விரிப்பு, நாலைந்து ஹோட்டல்களின் துண்டு, தலையணை உறை எல்லாம் அங்கேதான் வரும். ரோலர் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் முகம் வெந்துவிடும். அதனால் கூடத்தின் பெரிய கதவு எப்போதும் விரியத் திறந்து சுவரோடு சுவராகச் சாய்ந்து கிடக்கும். அதை மூடி யாரும் பார்த்ததில்லை.

மொத்தம் பதினெட்டுப் பெண்கள். காலை பத்தரைக்குப் பதினைந்து நிமிஷ ஓய்வு, சாப்பாட்டுக்கு அரை மணி, மதியம் இரண்டரைக்கு இன்னொரு பதினைந்து நிமிஷம். ஓய்வு எடுத்ததற்கு ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ரிஜிஸ்டர், துளை போட்ட தாள்களைக் கோத்த ஒரு ஃபைல், கூடத்தின் மறுகோடியில் சூப்பர்வைசரின் கண்ணாடி அறையில் இருந்தது. அவ்வளவு தூரம் நடந்து, பதினெட்டுப் பேர் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவள் பேனாவை உதறி உதறி எழுதி, திரும்பி வந்து உட்காரும்போது டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். பதினைந்தில் பத்துத்தான் மிஞ்சும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் சூப்பர்வைசரிடம் போய், "சார், நான் காலையில ஏழு மணிக்கு வந்ததுமே எல்லாருக்கும் போட்டுடவா?" என்று கேட்டாள்.

சூப்பர்வைசருக்குக் கடிகாரம் என்று பேர். காலையில் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டார், "மணி என்ன?" என்பார். அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "பக்கம் சுத்தமா இருக்கணும். அடித்தல் திருத்தல் கூடாது. அவ்வளவுதான்," என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்தின் மேல்பாதி காலை ஓய்வு, கீழ்ப்பாதி மதிய ஓய்வு. மேலே பதினெட்டு, கீழே பதினெட்டு. அழுக்குத்துணி பிரிக்கிற பெரியம்மாவின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அதையும் கிளறுவாள். மடிக்கிற மேஜையில் ஒருத்தி புள்ளிக்குப் பதிலாகப் பூ வரைவாள். அந்தப் பூவுக்கு ஐந்து இதழ், ஆறு கிடையாது. ஐந்தே நிமிஷத்தில் முப்பத்தாறும் முடிந்துவிடும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் இரண்டு வேளையும் மிச்சம். "எங்க அம்மா எனக்கு உசுரு கொடுத்தா, இவ எனக்கு அஞ்சு நிமிஷம் கொடுத்தா," என்பாள் பெரியம்மா. கையெழுத்தக்காவுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்தான்.

போகப்போக நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. கையெழுத்து ஏற்கெனவே விழுந்துவிட்டதால், ஓய்வு நிஜமாகக் கிடைத்ததா இல்லையா என்று பக்கத்தைப் பார்த்தால் தெரியாது. "இந்த லோடை மட்டும் முடிச்சுட்டுப் போங்கம்மா, ஓய்வு என்ன ஓடியா போயிடும்?" என்பார் கடிகாரம். லோடு முடிய பத்தே முக்கால் ஆகும். அப்புறம் பதினைந்து பத்தானது, பத்து ஏழானது, சில நாள் நின்றபடியே ஒரு வாய் டீ. வரிசையில் நின்று தொலைத்த ஐந்து நிமிஷத்தைப் பிடிக்கப் போய் மொத்தப் பதினைந்தையும் விட்டிருந்தார்கள். ரிஜிஸ்டர் மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது.

ரோலரில் அவளுக்கு ஜோடி குச்சி. முழுப்பேர் ஒட்டடைக்குச்சி. அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. பேர் வைத்தவள் அவளேதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "மேல இருக்கிற ஒட்டடையெல்லாம் நான் பார்த்துக்கிறேன், கீழ இருக்கிறதை நீங்க கூட்டிக்குங்க," என்று சொல்லிப் பதினேழு பேரையும் சிரிக்க வைத்தவள். அப்பா அம்மா இல்லை. படிக்கிற தங்கை ஒருத்தி, அவ்வளவுதான் குடும்பம். ஆறு வருஷமாக ஒரே விரிப்பின் இரண்டு முனைகளை இருவரும் பிடித்து நிற்கிறார்கள். வீட்டு விஷயம், வயிற்றுவலி, வாடகைச் சண்டை எல்லாம் அந்த விரிப்பின் மேல்தான் போகும் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரை மணி வந்தது, போனது. ஆபரேஷன் அறை விரிப்புகள் ஒரு வண்டி வந்து இறங்கியிருந்தன. "இதை மட்டும் முடிச்சுடுங்கம்மா." சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தேழு. ஒரு விரிப்பின் முனை உள்பக்கமாக மடிந்துகொண்டது. குச்சி பழக்கதோஷத்தில் கையை நீட்டி அதைப் பிடித்து இழுத்தாள். அவள் கை நீளம். தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போய்விட்டது. முழங்கைக்குக் கீழே மொத்தமும் உருளையில் ஒட்டியது. கையெழுத்தக்கா முட்டியால் ரோலரை நிறுத்தும் கட்டையை இடித்த வேகத்தில் முட்டி வீங்கிப்போனது. குச்சி கத்தக்கூட இல்லை. குழாயடியில் அவள் வலக்கையைப் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆஸ்பத்திரி வேன் வருகிறவரை இவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். எதை எண்ணினாள் என்று பிற்பாடு கேட்டபோது அவளுக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் குச்சியின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை, ஜன்னலோரம் கட்டில். தோள்வரை கட்டுப் போட்டு, கையைத் தலையணை மேல் ஏற்றி வைத்திருந்தாள் குச்சி.

"வாக்கா. உட்காரு. டீ போடத்தான் ஒரு கை பத்தலை."

"வாயை மூடுடி. எப்படி இருக்கு?"

"ஏழு வாரம் ஆகுமாம். விரல் எல்லாம் அசையுது, பாரு. நர்ஸ் சொல்றா, எலும்பும் தோலுமா இருந்ததாலதான் தப்பிச்சேனாம். சதை இருந்திருந்தா இன்னும் வெந்திருக்குமாம்." சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "கம்பெனில இருந்து லெட்டர் வந்திருக்குக்கா. தங்கச்சி படிச்சுக் காட்டினா. நீயும் படி."

கையெழுத்தக்கா படித்தாள். விபத்து ஊழியரின் ஓய்வு நேரத்தில் நடந்தது. ஓய்வு நேரத்தில் அனுமதியின்றி இயந்திரத்தைத் தொட்டது அவருடைய சொந்தக் கவனக்குறைவு. ஆகவே காய விடுப்போ அந்த நாட்களுக்குச் சம்பளமோ கிடையாது. முப்பது நாளுக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். ஆதாரமாக ரிஜிஸ்டரின் நகல் ஒன்று கூடவே இருந்தது. காலை ஓய்வு, பத்தரை முதல் பத்தே முக்கால்வரை. பதினோராவது வரியில் குச்சியின் கையெழுத்து. நெட்டையாக ஒரு முதல் எழுத்து, பின்னாலேயே ஒரு கோடு.

கையெழுத்தக்கா அதை உடனே அடையாளம் கண்டாள். அன்று காலை நீலப் பேனாவால் அவள் போட்டதுதான்.

"உன் மேல எனக்குக் கோபம் இல்லக்கா," என்றாள் குச்சி. "அஞ்சு நிமிஷம் கூட உட்காரத்தானே எல்லாரும் ஆசைப்பட்டோம். நான் லேபர் ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டேன். தங்கச்சி எழுதினா. அந்தக் கையெழுத்து என்னோடது இல்லன்னு மட்டும் சொல்லியிருக்கேன். யார் போட்டதுன்னு சொல்லல. கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்வேன்."

"யார் நம்புவாங்க? அச்சு அசலா உன்னுது மாதிரியே இருக்கே."

"அதான் சிக்கலே. இவ்வளவு நல்லா போட்டுத் தொலைச்சிருக்க வேண்டாம் நீ."

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், பாதித் தெருவில் கால் தானாக நின்றது. அந்த நகல் ஏன் அவ்வளவு குட்டையாக இருந்தது? மேல்பாதியை மட்டும் நகல் எடுத்திருக்கிறார்கள். கீழ்ப்பாதியில் மதிய ஓய்வு இருக்கிறது. அங்கேயும் பதினோராவது வரியில் அன்று காலை ஏழு மணிக்கே குச்சிக்கும் சேர்த்துப் போட்டாகிவிட்டது. மதியம் இரண்டரை மணிக்கு ஓய்வு எடுத்ததாக. அந்த நேரத்தில் குச்சி மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டுப் படுத்திருந்தாள்.

அந்த ஒரு வரியைக் காட்டினால் போதும், காலை வரியும் பொய் என்று சின்னக் குழந்தைக்குக்கூட விளங்கிவிடும். குச்சி பிழைத்துக்கொள்வாள். ஆனால் பொய் யாருடையது என்று அடுத்த கேள்வி வரும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருக்காமல், வாசலில் செருப்பைக் கழற்றிய கணவனிடமே கொட்டிவிட்டாள். அவர் சட்டையில் கிரீஸ் கறையோடு நின்றபடியே கேட்டார்.

"அப்ப நீ போட்டதுதான் அவளை மாட்டிவிட்டது, நீ போட்டதுதான் அவளைக் காப்பாத்தப் போகுது," என்றார்.

"என்னை யாரு காப்பாத்துவா? போலிக் கையெழுத்துங்க. வேலை போயிடும். போலீஸ்னு சொல்வாங்க. ஆறு வருஷம், ஒரு நாளைக்கு முப்பத்தாறு. கணக்குப் போட்டுப் பாருங்க."

"போட வேண்டாம், தலை சுத்தும்." அவர் திண்டாடித்தான் போனார், இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. "லிஃப்ட்ல மாட்டினவங்களைப் பார்த்திருக்கேன். கதவை உதைப்பாங்க, கத்துவாங்க, சாமி கும்பிடுவாங்க. பொத்தான் பலகையிலேயே மணி அடிக்கிற பொத்தான் ஒண்ணு இருக்கும். அதை மட்டும் அழுத்த மாட்டாங்க."

"எனக்கு எங்கே இருக்கு அந்தப் பொத்தான்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்," என்றார். அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

அடுத்த ஒரு வாரம் அவள் யாருக்கும் கையெழுத்துப் போடவில்லை. "முட்டி வலி, காலையில சீக்கிரம் வர முடியலை," என்றாள். கை எழுதுவதற்கு முட்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் வரிசையில் நின்று போட்டார்கள். லோடு முடியாமல் ஓய்வு கிடைக்காத நாளில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. கடிகாரத்துக்குக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க வேர்த்தது.

புதன்கிழமை மாலை அவர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேஜை மேல் துளை போட்ட புதுத்தாள் ஒன்று, பக்கத்திலேயே அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கம்.

"நாளைக்கு லேபர் இன்ஸ்பெக்டர் வர்றாங்க," என்றார். மணிக்கட்டைப் பார்த்தார். "இதை அப்படியே புதுசா எழுதிடும்மா. எல்லாம் அதே மாதிரி. மத்தியானம் அந்தக் குச்சி வரி மட்டும் காலியா விட்டுடு. அஞ்சு நிமிஷ வேலை உனக்கு."

"எழுதலைன்னா சார்?"

"எழுதலைன்னா எனக்கென்ன? போட்டது யாருன்னு வெளியே வந்தா உனக்குத்தான் கஷ்டம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் உட்கார்ந்தாள். நீலப் பேனாவை எடுத்தாள். முதல் வரி பெரியம்மா. கோழி கிளறல். கை தானாகப் போகத் தயாராக இருந்தது. ஆறு வருஷப் பழக்கம். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலை சார். எழுத்தெல்லாம் மங்கலா தெரியுது. காலையில வந்து போட்டுடறேன்."

பதினோரு வருஷத்தில் அவள் கண்ணாடி போட்டு அவர் பார்த்ததில்லை. அன்று இருந்த பதற்றத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை. "ஏழு மணிக்கு," என்றார். "ஏழு அடிச்சு ஒரு நிமிஷம் ஆகக் கூடாது." ஃபைலையும் தாளையும் இரண்டாவது இழுப்பறையில் போட்டு மூடினார்.

மறுநாள் அவள் எட்டு மணிக்குத்தான் வந்தாள். பஸ் தவறிவிட்டது என்றாள். கடிகாரம் அவளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பதற்குள் வாசலில் ஒரு குடையும் கைப்பையும் வந்து நின்றன.

லேபர் இன்ஸ்பெக்டர் ஐம்பது வயது அம்மாள். குள்ளம், முட்டிவலிக்காரர். கண்ணாடி அறைக்குள் போகமாட்டேன் என்றுவிட்டு, ரோலருக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த விரிப்பு மூட்டை மேல் உட்கார்ந்தார். "எவ்வளவு மெத்துனு இருக்கு," என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். "இதுல யாராவது உட்கார்றது உண்டா?"

"உட்கார விட்டாத்தானே," என்றாள் பெரியம்மா, யாருக்கும் கேட்காத மாதிரி எல்லாருக்கும் கேட்கும்படி.

"சட்டச் சுருக்கம் எங்கே ஒட்டியிருக்கீங்க?" என்று கடிகாரத்தைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். "சம்பளம், ஓய்வு, விடுப்பு எல்லாம் அச்சடிச்ச தாள். எல்லார் கண்ணிலும் படணும்."

"இருக்கு மேடம். எப்பவோ ஒட்டியாச்சு."

"எங்கே?"

கடிகாரம் மென்று விழுங்கினார். "கதவுக்குப் பின்னாடி."

இரண்டு பேர் சேர்ந்து அந்தப் பெரிய கதவை நெட்டித் தள்ளினார்கள். வருஷக்கணக்காக அசையாத கீல் ஊளையிட்டது. கதவு மூடியதும் சுவரில் ஒரு தாள் தெரிந்தது. வெயிலும் படவில்லை, கண்ணும் படவில்லை. நேற்று ஒட்டின மாதிரி பளிச்சென்று இருந்தது. கூடத்தில் வெப்பம் ஏறியது. பதினேழு பெண்களும் வேர்க்க வேர்க்கத் தாளைப் பார்த்தார்கள்.

"கதவைத் திறந்தா சட்டம் போயிடுது, சட்டத்தைப் பார்த்தா காத்து போயிடுது," என்றாள் பூ வரைகிறவள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு, "அந்த ரிஜிஸ்டரைக் கொடுங்க," என்றார்.

கடிகாரம் நகலை நீட்டினார். "ஃபைல் தலைமை ஆபீசுக்குப் போயிருக்கு மேடம். நகல் இதோ இருக்கு. கையெழுத்து அந்தப் பொண்ணோடதுதான், சம்பள ரசீதோட ஒப்பிட்டுப் பார்த்துக்குங்க. அச்சு அசல்."

இன்ஸ்பெக்டர் ஒப்பிட்டார். தலையாட்டினார். கையெழுத்தக்காவுக்கு எட்டாம் வகுப்பு டீச்சர் ஞாபகம் வந்தார். பெஞ்சு மேல் ஏறி நின்ற அந்தப் பெண்ணும் ஞாபகம் வந்தாள். அவள் அழுதுகொண்டே நின்றபோது இவள் குனிந்து புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபைல் எங்கேயும் போகலை மேடம்," என்றாள். "ரெண்டாவது ட்ராயர்ல இருக்கு."

கடிகாரம் பேயறைந்த மாதிரி நின்றார்.

"அதுல கீழ்ப்பாதியைப் பாருங்க. அன்னிக்கு மத்தியானம் ரெண்டரைக்கும் குச்சி கையெழுத்து இருக்கும். அப்ப அவ ஆஸ்பத்திரியில மயக்கத்துல இருந்தா. ரெண்டும் அவ போட்டது இல்லை. நான்தான் போட்டேன். அன்னிக்கு மட்டும் இல்லை. ஆறு வருஷமா எல்லாருக்கும் நான்தான் போடுறேன், காலையில வந்ததுமே."

"நீங்க போட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?" என்றார் இன்ஸ்பெக்டர். "சிநேகிதியைக் காப்பாத்தச் சொல்றீங்களோ என்னவோ." பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தார்.

கையெழுத்தக்கா மடிக்கிற மேஜையில் தாளை வைத்தாள். பேனாவைத் திறந்தாள். வரிசையாகப் பதினெட்டும் விழுந்தன. பெண்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். "ஐயோ, என்னுதை விட நல்லா இருக்குடி." "என் பூவைப் பாரு, அஞ்சு இதழ்." கூட்டத்தில் யாரோ, "மேடம், பாங்க்ல இவளை விட்டுடாதீங்க," என்று சொல்லவும் சிரிப்பு வெடித்தது. கடைசி வரியில் அவளுடைய சொந்தக் கையெழுத்து. அதற்கு மட்டும் அவள் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஃபைலைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டரை மணி வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். ஃபைலோடு கூடவே வந்த, துளை போட்ட காலித் தாளையும் பார்த்தார். அது எதற்கு என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

"என்னை இப்பவே போகச் சொல்வீங்களா மேடம்? என் டிபன் பாக்ஸ் உள்ளே இருக்கு."

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சுவர்ல இருக்கிற அந்தத் தாள்ல ஆறாவது வரியைப் படிங்க. சத்தமா."

அவள் போய்ப் படித்தாள். "இருபது நிமிஷத்துக்கு உட்பட்ட ஓய்வு வேலை நேரமாகவே கருதப்படும்."

"புரியுதா? அந்தப் பொண்ணு நிஜமாவே ஓய்வுல இருந்திருந்தாலும், உட்கார்ந்து டீ குடிக்கும்போது அவ தலையில மின்விசிறி விழுந்திருந்தாலும், அது வேலையில நடந்த விபத்துதான். காய விடுப்பும் உண்டு, அந்த நாளுக்குச் சம்பளமும் உண்டு. இந்தக் கையெழுத்து உண்மையா பொய்யாங்கிற பேச்சுக்கே இடமில்லை. கம்பெனி அனுப்பின லெட்டர் செல்லாது."

கையெழுத்தக்காவுக்குக் காதில் விழுந்தது. மனசுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப… நான் சொல்லியே இருக்க வேண்டாமா?"

"அவளுக்காகன்னா வேண்டாம்தான். இப்ப ஒன்பதாவதையும் படிங்க."

"ஓய்வுப் பதிவேட்டை உண்மையாகப் பேணுவது நிறுவனத்தின் பொறுப்பு."

"உங்க பொறுப்பு இல்லை. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சு, அவர் அனுமதிச்சு நடந்திருக்கு. அதுக்கு அவங்க பதில் சொல்லுவாங்க. பன்னிரண்டு."

பன்னிரண்டாவது வரியைப் படிக்கும்போது அவள் குரல் உடைந்தது. ஆய்வாளரிடம் உண்மை சொன்னதற்காக எந்த ஊழியரையும் வேலையிலிருந்து நீக்கவோ, மாற்றவோ, வேறு வகையில் துன்புறுத்தவோ கூடாது. பெரியம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். வேர்வைதான் என்று சொல்லிக்கொள்ளக் கதவு மூடியிருந்தது வசதியாகப் போயிற்று.

"ஆனா நீங்க சொன்னதால ஒண்ணு தெரிஞ்சுது," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆறு வருஷமா இங்கே ஓய்வு காகிதத்துல மட்டும்தான் நடந்திருக்கு. அதை நான் இன்னொரு பக்கம் எழுதறேன். அப்புறம், இனிமே யாருக்கும் போடக் கூடாது. மனசிரங்கிப் போட்டாலும் தப்பு தப்புதான்."

"சத்தியமா போட மாட்டேன் மேடம்."

"இப்பக் கதவைத் திறங்க, வெந்து சாகறேன்," என்றார் அந்த அம்மாள். "திறக்கறதுக்கு முன்னாடி அந்தத் தாளை வேற சுவர்ல ஒட்டுங்க."

அன்று சாயங்காலம் அவள் நேரே குச்சி வீட்டுக்குத்தான் போனாள். படியேறும்போதே, "ஆறாவது வரிடி! ஆறாவது வரி!" என்று கத்திக்கொண்டு போனாள். பாதி ஓடின கதையில் குச்சிக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்ததும், "பன்னிரண்டு நாளா நீ சாப்பிடலைன்னு தங்கச்சி உன் முகத்தைப் பார்த்தே சொன்னா. அந்தக் கதவை ஒரு நாள் சாத்திப் பார்த்திருந்தா ரெண்டு பேரும் நிம்மதியா தூங்கியிருக்கலாம்," என்றாள். இருவரும் சிரித்துச் சிரித்து, குச்சிக்குக் கை வலித்தது. வீட்டுக்கு வந்தபோது கணவன் அவள் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல், "மணி அடிச்சுட்டியா?" என்றார். "அடிச்சுட்டேன்," என்றாள். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். படுத்தது தெரியாமல் தூங்கினாள்.

கம்பெனி குச்சிக்கு வேறொரு கடிதம் அனுப்பியது. முதல் கடிதத்தை விடப் பாதி நீளம், இரட்டிப்பு மரியாதை. கடிகாரம் இடம் மாறவில்லை, ஆனால் பத்தரை அடித்தால் அவரே ரோலரின் பொத்தானை அணைத்துவிட்டு, "போங்கம்மா, போங்க," என்று கோழி விரட்டுகிற மாதிரி விரட்டினார். ரிஜிஸ்டர் கண்ணாடி அறையிலிருந்து கிளம்பி வந்து, ஓய்வு பெஞ்சுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கியது. பக்கத்தில் நூல் கட்டின இரண்டு பேனா. இத்தனை வருஷம் இந்த யோசனை ஏன் ஒருத்தருக்கும் வரவில்லை என்று அவர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

எட்டாவது வாரம் குச்சி வந்தாள். முழங்கைக்குக் கீழே ரோஜா நிறத்தில் புதுத்தோல். ரோலரில் வேண்டாம் என்று மடிக்கிற மேஜையில் விட்டிருந்தார்கள். மதியம் இரண்டரைக்கு ரோலர் நின்றது. எல்லோரும் டீயோடு உட்கார்ந்தார்கள். குச்சி ஆணியிலிருந்து ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. முதல் எழுத்து சாய்ந்தது. அதைத் தூக்கி நிறுத்தப் போய்ப் பின்னால் வந்த கோடு புழு மாதிரி நெளிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பக்கத்தில் கையெழுத்தக்கா இரண்டு கைகளையும் டீக்கோப்பையைச் சுற்றி இறுகப் பிடித்தபடி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நேரம் நிறைய இருந்தது.

எழுதி முடித்த பிறகு எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது? உன் கையெழுத்து மாதிரியே இல்லையே."

"ஆமாக்கா," என்றாள் குச்சி, பேனாவை நூலோடு தொங்கவிட்டபடி. "இதுதான் நான் போட்டது."